காரின் அடிவயிறு: பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

மும்பையில் ஜூன் பிறந்ததும் சமையலறையில் உப்பு ஜாடி கசியத் தொடங்கும். செம்பூர், மாட்டுங்கா பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் எட்டிப் பார்த்தாலும் தூள் உப்போடு நாலு அரிசி மணியும் கிடக்கும். ஜாடிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பே இழுத்துக்கொள்கிறது. கடலோர ஊரில் பழைய கார் வைத்திருப்பவர், காரின் அடியில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டாம். அந்த ஜாடியைப் பார்த்தால் போதும்.

நாம் சமையலுக்குப் போடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75% தாண்டினால் தானே நீர்த்துவிடும். கடல் காற்றில் வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது நீர்த்துப்போக 33% ஈரப்பதமே போதும். மும்பையின் மழை மாதங்களில் ஈரப்பதம் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே நிற்கும். ஞாயிறு காலை வொர்லி கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கூரையுள்ள பார்க்கிங்கில் நிறுத்தி, துணியும் போர்த்திவிடுகிறோம். கார் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மேலே காய்ந்துவிட்டது. அடியில் ஒட்டிய உப்பு காயவில்லை, அடுத்த ஞாயிறு வரை நனைந்தபடியே இருக்கிறது.

என்னிடம் இருபது வயது தாண்டிய இரண்டு இருக்கை கார் ஒன்று இருக்கிறது. துணிக் கூரை, மடக்கி வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். காரின் அடித்தகடு முழுக்கக் கருகருவென்று பளபளப்பாக இருந்தது. "போன வாரம்தான் அண்டர்கோட்டிங் அடிச்சது" என்றார் விற்றவர். துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடியில் அடிக்கும் பூச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். திருநெல்வேலிக்காரர், முப்பது வருடமாக டிங்கரிங் வேலைதான். வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் அவர் டார்ச்சைத் தொடவே இல்லை. திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் தரையை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் மாறியது. டொப். திரும்பவும் தட்டினார். டொப். திருப்புளியை நேராகத் திருப்பி, நுனியை வைத்து லேசாக அழுத்தினார். கறுப்புப் பூச்சு தோல் மாதிரி உள்ளே அமுங்கியது. அப்புறம் கிழிந்தது. கிழிசல் வழியாகக் காபிப் பொடி நிறத்தில் பொருக்குத் துகள் கொட்டியது, கூடவே இரண்டு சொட்டுத் தண்ணீரும்.

"தம்பி, புண்ணு மேல சட்டையப் போட்டு மறைச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த இரண்டு சொட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். துருத் தடுப்பு என்றால் கறுப்பாக எதையாவது அடிப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். பூச்சு என்பது கடைசி அரை நாள் வேலை. கழுவுவதும் காயவைப்பதும்தான் உண்மையான வேலை. ஈரத்தின் மேல் பூச்சு அடிப்பது திருடனை உள்ளே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவது போல.

சரி, துரு என்றால் என்ன? இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் ஏதாவது ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும், துரு நின்றுவிடும். உள்ளே நடப்பது ஒரு சின்ன மின்கல வேலை. ஒரே தகட்டில் ஓர் இடம் இரும்பை இழக்கிறது, பக்கத்து இடம் ஆக்சிஜனை வாங்குகிறது, நடுவில் மின்னோட்டம் ஓடுகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அந்த ஓட்டம் பல மடங்கு எளிதாகிவிடும். சுத்தமான மழைத் தண்ணீரில் மெதுவாக நடக்கும் அரிப்பு கடல் காற்றில் வேகமெடுப்பது இதனால்தான்.

அலுமினியமும் காற்று பட்டால் ஆக்சைடு ஆகிறது. ஆனால் அது மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு, கீழே இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்பின் துரு அப்படி இல்லை. பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும். அது மட்டுமல்ல, கரைந்த இரும்பு அடைத்திருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு பிடிக்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்புக்குள் துரு புகுந்தால், ஆப்பு அடித்தது போலத் தகடுகளைப் பிளக்கும். காரின் தரைத் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. இழக்க அதிகம் எதுவும் இல்லை.

இது எல்லாக் காருக்கும் பொதுதானே, ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் தனிக் கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று காரணங்கள் சொல்வேன். முதலாவது, தரைக்கு மிக அருகில் ஓடும் வண்டி இது. நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் அடிப்பூச்சைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். இரண்டாவது, இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். ஓடினால் சூடும் காற்றும் பட்டு அடிப்பாகம் காயும். போர்வைக்குள் மாதக்கணக்கில் நின்றால் ஈரம் போக வழியே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடம்பை விறைப்பாகப் பிடித்து நிற்கின்றன. கூரை மடங்கும் காரில் அந்த வசதி கிடையாது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி போல ஓடும் பகுதியைச் சில் என்பார்கள். கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. அதன் உள்பக்கம் வெற்றிடம், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அது உள்ளிருந்து இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவின் இடைவெளி கூடிக் குறைந்தாலோ, தூக்கிய நிலையில் கதவு சரியாக மூடாமல் இடித்தாலோ உஷாராகிவிடுங்கள். அது பெயின்ட் அடித்துச் சரிசெய்யும் விஷயமே இல்லை. பழைய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் எப்படிப் போகிறது? மஸ்தா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். 1989-ல் வந்த இந்தச் சிறிய கார், இரண்டு இருக்கை வண்டிகளை உலகம் முழுக்க மறுபடியும் பிரபலமாக்கியது. அதன் துணிக் கூரையில் விழும் மழை, கதவுக்குப் பின்னால் இருக்கும் குழாய் வழியாக இறங்கிச் சில்லுக்குப் பக்கத்தில் வெளியேற வேண்டும். அந்த வழியை இலை, தூசி, மண் அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கிச் சில்லுக்குள் இறங்கும். பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தைத்தான். கூரை மடங்கும் வேறு பல கார்களிலும் இப்படி வடிகால் உண்டு. என் காரின் வடிகாலில் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கம்பியை விட்டு ஆட்டியபோது, முழுதாக ஓர் அரச இலை வந்தது. பச்சை போய் நரம்பு மட்டும் மிஞ்சி, வலை போல இருந்தது. அதற்குப் பின்னால் குழைந்த சேறு. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றி, அது கீழே எங்கே வருகிறது என்று பார்த்தேன். ஊற்றிய வேகத்திலேயே வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவு இல்லை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

இப்போது கழுவும் வேலைக்கு வருவோம். வண்டியை லிஃப்டில் ஏற்றுவது நல்லது. லிஃப்ட் இல்லையென்றால் நான்கு முனையிலும் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒரு தள்ளு தள்ளி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காரின் அடியில் தலையை விடாதீர்கள். துருப்பிடித்த காரில் ஜாக்கி போடும் இடமே இற்றுப்போயிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும், அடியில் மூடியிருக்கும் தட்டுகளையும் கழற்றுங்கள். பெரும்பாலான அழுக்கு அவற்றுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். மட்கார்டின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும் இடத்தில் விரலை விட்டு ஓட்டிப் பாருங்கள். களிமண் போலக் கையோடு வரும். வெயில் காலத்திலும் அது உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈர மண்தான் உப்பைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு.

முதல் கழுவலில் வெறும் தண்ணீர் போதும். மண் ஊற வேண்டும், அவசரம் வேண்டாம். ஊறிய பிறகு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாயால் அடிக்கலாம். ஆனால் ரப்பர் உறைகள், வயர் இணைப்புகள், சக்கர பேரிங் பக்கம் குழாயைக் கிட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். அங்கே தண்ணீர் புகுந்தால் துருவைவிடப் பெரிய செலவு வந்து நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் அதைக் கரைக்கும் டிகிரீசர் திரவத்தைத் தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி கழுவ வேண்டும். பல கொட்டகைகளில் டீசல் அடித்துக் கழுவுவார்கள். பிசுக்கு போவது உண்மைதான், ஆனால் அது ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் எந்தப் பிரைமரும், அதாவது இரும்பின் மேல் முதலில் அடிக்கும் பெயின்ட் பூச்சும், பிடிக்காது. டீசல் பட்ட இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. கடைசிக் கழுவலும் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். மும்பையில் சில கட்டடங்களில் கார் கழுவ போர்வெல் தண்ணீர் வரும், அது உப்பு கரிக்கும். நாக்கில் கரிக்கும் தண்ணீரால் காரின் அடியைக் கழுவுவது, தேய்த்து எடுத்த உப்பையே திருப்பிப் பூசுவது போலத்தான். இரண்டு வாளி மாநகராட்சித் தண்ணீராவது கடைசியில் ஊற்றுங்கள்.

காயவிட ஒரு நாள் போதாது. மடிப்புகளுக்குள் கம்ப்ரசர் காற்றை அடித்து, இரண்டு நாள் காற்றாடி வைத்து விட்டுவிடுங்கள். சில்லின் அடியில் இருக்கும் ரப்பர் மூடிகளையும் கழற்றி வைத்துவிட்டால் உள்ளேயும் காற்று புகும்.

காய்ந்த பிறகுதான் துரு தன் உண்மையான முகத்தைக் காட்டும். மேலோட்டமான செம்மண் நிறத் துரு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அது போதும். பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தால் சுரண்டி, கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டி ஓட்ட வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். மல்லாந்து படுத்துத் தேய்க்கும்போது துகள் நேராகக் கண்ணில்தான் விழும். திருப்புளி உள்ளே இறங்கினால் அது டிங்கரிங் வேலை, மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. பிரேக் குழாய்களைத் தனியாகப் பாருங்கள். இரும்புக் குழாயில் பள்ளம் விழுந்திருந்தால் சுரண்டிப் பூசி ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். தாமிர-நிக்கல் குழாய் போட்டால் துருவின் பேச்சே இருக்காது.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், நம் மண்ணுக்குப் பழக்கமான வித்தைதான். கலம்காரித் துணியின் கறுப்பு எப்படி வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த சாறு, கடுக்காயில் நனைத்த துணியைத் தொட்டதும் கறுக்கும். கடுக்காயிலிருக்கும் டானின் இரும்போடு கூடிக் கரையாத கறுப்புப் பொருளாகிவிடுகிறது. பல கன்வெர்ட்டர்களில் இருப்பது அதே டானிக் அமிலம். வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அது துருவை இரும்பு பாஸ்பேட் ஆக்கும். தடவிய சற்று நேரத்தில் செம்பழுப்பு நிறம் கருநீலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அது மெல்லிய துருவைத்தான் மாற்றும். தடித்த பொருக்கின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் துரு தன் வேலையைத் தொடரும்.

இரும்பு வெளியே தெரியும் இடங்களுக்கு அடுத்து பிரைமர். எபாக்சி பிரைமர் நல்லது, தண்ணீரை உள்ளே விடாது. துத்தநாகம் கலந்த பிரைமரும் நல்லது. துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பதிப்பதும் இதற்காகத்தான். 1970களின் நடுவிலேயே போர்ஷே நிறுவனம் 911 காரின் உடம்புக்குத் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தக் கால வண்டிகள் பலவற்றுக்கு அந்த யோகம் இல்லை, அதனால்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்.

இனிதான் மேல்பூச்சு. இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், கெட்டியானது, மெழுகு போன்றது. தார், ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சு கெட்டி வகை. சக்கரம் கல்லை வீசியடிக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கு அது சரி. ஆனால் வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியே புகும் தண்ணீர் வெளியே வராது. என் காரில் அண்ணாச்சி கிழித்துக் காட்டியது அந்த வகைதான். மெழுகு, எண்ணெய், லானோலின் இரண்டாவது வகை. லானோலின் என்பது ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பு, மழையில் ஆட்டை நனையாமல் காப்பது அதுதான். இந்த வகை முழுதாகக் காய்வதில்லை. சின்னக் கீறல் விழுந்தால் தானே நகர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் விடும். வருடா வருடமோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ திரும்பப் பூச வேண்டும், தூசியும் கொஞ்சம் ஒட்டும். இருந்தாலும் பழைய காருக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மறைக்கிற பூச்சு எனக்கு வேண்டாம்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்தால் துருப்பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். அடிக்க வேண்டாம். ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், சொட்டியது மழையில் சாக்கடைக்குப் போகும்.

எங்கே பூசக் கூடாது என்பதும் முக்கியம். சைலன்சர் குழாய், பிரேக் டிஸ்க், காலிப்பர், ஆக்சிஜன் சென்சார், ரப்பர் புஷ், டிரைவ் ஷாஃப்ட், எல்லாவற்றையும் செய்தித்தாளும் டேப்பும் போட்டு மூடிவிட்டுத் தெளிக்க வேண்டும். சூடான சைலன்சரில் மெழுகு பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பற்றவைக்கும் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மெழுகு பூசிய தகட்டின் பக்கம் வெல்டிங் பொறி விழக் கூடாது.

வெளியே தெரியும் தரையைவிட உள்ளே இருக்கும் வெற்றிடங்களுக்குத்தான் அதிக மெழுகு போக வேண்டும். இதற்கென்றே கேவிட்டி வேக்ஸ் என்று தனியாக இருக்கிறது. நீளமான மெல்லிய குழாய், நுனியில் சுற்றிலும் பனி போலத் தெளிக்கும் துளைகள். ரப்பர் மூடி இருந்த ஓட்டை வழியே குழாயைக் கடைசி வரை விட்டு, தெளித்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நடுவில் இடம் விட்டுப்போகும்.

எப்போது செய்வது? மே மாதம் வந்ததும் கடைகளில் மழைக்கால அண்டர்கோட்டிங் விளம்பரம் தொங்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்த நாலு மாதம் சேர்த்த சேற்றையும் ஈரத்தையும் அடுத்த மே வரை சுமந்துகொண்டு திரிவானேன்? மழை ஓய்ந்ததும் அக்டோபரில் கழுவி, டிசம்பர், ஜனவரியில் பூசுங்கள். அப்போதுதான் காற்று உலர்ந்திருக்கும், தகடும் உள்வரை காயும். மே மாதத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் போதும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் மாதிரித் தேங்கிய தண்ணீரில் இறங்க நேர்ந்துவிட்டால் அந்த வாரமே அடியைக் கழுவிவிட வேண்டும்.

பதிவுச் சான்றிதழுக்கு 15 வருடம் முடிந்து, ஆர்டிஓவில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கப் போகிறவர்களும் இதை முன்கூட்டியே செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கறுப்பு அடித்துக் கொண்டுபோகும் பழக்கத்தால்தான் என் கார் மாதிரி வண்டிகள் உருவாகின்றன.

மெழுகு அடித்து முடித்த பின் இரண்டு நாள் காரின் அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து வையுங்கள். பார்க்கிங் தரை கறைபடாமல் இருக்க அது ஒரு வழி. அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. காலையில் போய் அட்டையைப் பாருங்கள். சில்லின் ஒவ்வொரு வடிகால் ஓட்டைக்கும் நேர் கீழே தேன் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருக்க வேண்டும். என் காரில் இடதுபக்கம் நாலு ஓட்டைக்கு மூன்று வட்டம்தான் இருந்தது. நாலாவது ஓட்டையில் ஒரு ஊசியை விட்டு நெம்பினேன். மெழுகோடு சேர்ந்து இறுகிய மண் கட்டி ஒன்று உதிர்ந்தது, மறுநாள் காலை அந்த இடத்திலும் வட்டம் விழுந்திருந்தது. அப்புறம்தான் சக்கரங்களை மாட்டினேன்.